களைக்கொல்லி பறவையின் குடலுக்குள் என்ன செய்கிறது?

களைக்கொல்லி செடியைத்தானே கொல்லும், பறவையின் குடல் பாக்டீரியாவை எப்படித் தொடும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம்.

செடிகள் மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்க ஷிகிமேட் என்ற வேதிவழியைப் பயன்படுத்துகின்றன. கிளைபோசேட் அதிலுள்ள ஒரு நொதியை முடக்குகிறது. பறவைக்கும் மனிதனுக்கும் அந்த வழியே கிடையாது. விலங்குகளுக்கு ஆபத்தில்லை என்ற வாதம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் குடலில் வாழும் பல பாக்டீரியாக்களுக்கு அது உண்டு! அவற்றிலும் சிலவற்றின் நொதி மருந்தைத் தாங்கும், சிலவற்றினது தாங்காது. ஆக, குடல் மொத்தமாகக் காலியாவதில்லை. யார் பெருகுவது, யார் குறைவது என்ற கணக்குதான் மாறுகிறது.

பின்லாந்து ஆய்வாளர்கள் ஜப்பானியக் காடைகளுக்குக் குஞ்சுப் பருவத்திலிருந்து சுமார் ஓராண்டு வரை கிளைபோசேட் கலந்த தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. இளம் வயதிலேயே நன்மை தரக்கூடிய பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன, ஆண் காடைகளின் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவும் இறங்கியிருந்தது. இனப்பெருக்கத்தில் தெளிவான பாதிப்பு தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவை கூண்டுப் பறவைகள். வயலில் மேயும் பறவைக்குத் தீவனம் சீராக இருக்காது; பல மருந்துகளின் எச்சம் சேர்ந்தே உள்ளே போகும். அப்புறம், பூச்சிக்கொல்லியால் புழுபூச்சி குறைந்தால் இரையே மாறிவிடும், இரை மாறினால் குடல் பாக்டீரியாவும் மாறும். பறவை உடனே சாகவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு மருந்தைப் பாதுகாப்பானது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.