‘ஒன்றுமில்லை’ என்கிறார்கள், ஆனால் படபடப்பு நிற்கவில்லையே!

கேள்வி: எனக்கு 34 வயது. நான்கு மாதத்துக்கு முன் ஒருநாள் இரவு திடுக்கிட்டு எழுந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்கள் மரத்துப்போயின, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அதன்பிறகு மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டோம். இசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல், ‘ஒன்றுமில்லை, டென்ஷன்’ என்கிறார்கள். இப்போது தனியாக பஸ் ஏறவே பயமாக இருக்கிறது. தண்ணீர் பாட்டிலும் மாத்திரை அட்டையும் பையில் இல்லாமல் வெளியே போவதில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

பதில்: இல்லை, பிடிக்கவில்லை. ஆனால் ‘ஒன்றுமில்லை’ என்று உங்களை அனுப்பிவைத்தார்கள் பாருங்கள், அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதயத்தில் ஒன்றுமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வந்து தாக்கும் கடும் பயம். 1980லேயே மனநல மருத்துவர்கள் இது திரும்பத் திரும்ப வருவதைத் தனி நோயாகப் பெயரிட்டு வகைப்படுத்திவிட்டார்கள், நீங்கள் கற்பனை செய்துகொள்வது இல்லை.

உடம்பில் நடப்பது இதுதான். ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பு அட்ரினலின் என்கிற ஹார்மோனைக் கொட்டும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும். உங்களுக்கு ஆபத்தே இல்லாமல் அந்த அபாய மணி அடித்துவிடுகிறது. ஓடாமல் உட்கார்ந்தபடியே வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகிறது, விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். அதை ‘ஐயோ, ஹார்ட் அட்டாக்’ என்று மனசு படிக்கிறது, பயம் கூடுகிறது, கூடின பயத்துக்கு இன்னும் அட்ரினலின். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டுத் தானாகவே இறங்கிவிடும். நீங்கள் ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போதே பாதி அடங்கியிருக்குமே, யோசித்துப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தப் பைதான். வந்துவிடுமோ என்கிற பயம், அட்டாக்கைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. மாத்திரையைப் போடக்கூட வேண்டாம், பைக்குள் கைவிட்டு அட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தாலே ஒரு நிம்மதி வருகிறது, இல்லையா? அந்த நிம்மதியில்தான் சிக்கல். ‘இது இருந்ததால் தப்பித்தேன்’ என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அடுத்த முறை வரும்போது அதோடு சண்டை போடாதீர்கள். எழுந்து ஓடாமல், வாட்சைப் பார்த்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருங்கள். மூச்சை ஆழமாக இழுக்க வேண்டாம் (எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் நீங்கள் ஏற்கெனவே அதிகமாக இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்), மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். அப்புறம் காபியைக் கொஞ்சம் குறையுங்கள், அது தரும் படபடப்பையும் உடம்பு தப்பாகப் படித்துவிடும்.

இதற்கு சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை நன்றாகக் கைகொடுக்கும். அதில் சுழல் நாற்காலியில் வேண்டுமென்றே சுற்றவைத்துத் தலைசுற்றலை வரவழைப்பார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் தலைசுற்றலும் சாவும் வேறு வேறு என்று உடம்புக்குப் புரிவது அப்படித்தான். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார், அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும்.

பையில் இருப்பது என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. உடனடியாகப் படபடப்பை அடக்கும் வகை என்றால் அதில் சில பழகிவிடும், தினமும் போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவரிடம் காட்டுங்கள். நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சை அழுத்தி வலித்தால் பேனிக் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே போய்ப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள், ப்ளீஸ்.

சரி, பஸ். இந்த வாரம் ஒரே ஒரு ஸ்டாப் போதும். கூட ஒருவர் வரட்டும், ஆனால் பக்கத்தில் இல்லாமல் இரண்டு சீட் தள்ளி உட்காரட்டும். பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும். படபடப்பு வந்தால் வரட்டும், இறங்க வேண்டிய ஸ்டாப்பில்தான் இறங்க வேண்டும். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.