ஆறு பானைக்கு 37 சோறு

கேள்வி: மக்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம் டில்லி சேனல்களின் கருத்துக்கணிப்பை நான் சட்டை செய்வதில்லை. தமிழ்நாட்டுக் கணிப்புகளை மட்டும் நோட்டில் குறித்துச் சராசரி எடுப்பேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே? சிவகங்கையில் யார் ஜெயிப்பார் என்று மச்சானோடு பந்தயமும் கட்டிவிட்டேன். தோற்றவர் ஒரு தூக்குவாளி கந்தரப்பம் தர வேண்டும். என் வழி சரிதானே?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: நோட்டுப் போட்டது சரி. பந்தயம் கட்டியது அவசரம்.

பதம் பார்க்க ஒரே பானை வேண்டும். உங்கள் மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிப் பானைகள் கொதிக்கின்றன: காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை, அத்துடன் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயமும் ஆலங்குடியும். நாடு முழுக்க 20,000 பேரைக் கேட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 543 தொகுதிக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 37 பேர்கூட முழுசாகத் தேறாது. அதில் கணக்கு முன்னே பின்னே 16 சதவீதம் தள்ளிப்போகலாம். தமிழ்நாடு மொத்தத்துக்கும் 1,400 பேர் வருவார்கள்; அங்கே பிழை 3 சதவீதத்துக்குள் அடங்கும். ஆகவே மாநில எண்ணுக்கு ஓரளவு மரியாதை உண்டு. தொகுதி எண்ணுக்குக் கிடையாது. 2009இல் இதே சிவகங்கையில் ப. சிதம்பரம் ஜெயித்தது 3,354 ஓட்டில்! எண்ணி முடித்த பிறகும் வழக்கு நடந்தது.

அந்த 37 பேரும் எங்கே அகப்படுவார்கள்? கானாடுகாத்தானில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. முகப்பில் தட்டினால் பின்கட்டு வரை ஆள் இல்லை. திறக்கிற வீட்டிலும் ஆச்சி, "வாங்க தம்பி, தண்ணி குடிங்க" என்பார். ஓட்டு யாருக்கென்று கேட்டால், "வர்றவுக எல்லாரும் நல்லவுகதேன்." இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பான் அந்தப் பையன்?

சராசரியும் உங்களைக் காப்பாற்றாது. 2024இல் ஓட்டுப் போட்டு முடிந்தபின் வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை பா.ஜ.க. கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன. வந்தது 293. எல்லாத் தராசும் ஒரே பக்கம் சாய்ந்தால் சராசரி மட்டும் நிமிர்ந்து நிற்குமா?

வட்டிக் கணக்குத் தெரிந்த ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வாக்கு சதவீதம் முதல், சீட்டு வட்டி. எதிரே நிற்பவர்கள் எத்தனை துண்டாகச் சிதறி நிற்கிறார்களோ அதைப் பொறுத்து வட்டி ஏறும். 2014இல் அ.தி.மு.க.வுக்கு 44 சதவீதம்; சீட்டோ 39இல் 37. தி.மு.க. கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கியும் ஒரு சீட்டு இல்லை. 2024இல் தி.மு.க. கூட்டணி சுமார் 47 சதவீதத்தில் 39ஐயும் அள்ளியது. கணிப்புக்காரர் வாக்கைக் கேட்டு வாங்குகிறார்; சீட்டை மேஜையில் உட்கார்ந்து போடுகிறார். கூட்டணி முடிவாகுமுன் போட்ட சீட்டுக் கணக்கோ, யார் பங்காளி என்றே தெரியாமல் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம்.

நோட்டில் சீட்டுப் பத்தியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் எத்தனை பேரைக் கேட்டார்கள், என்றைக்குக் கேட்டார்கள், கூட்டணி முடிவானதற்கு முன்பா பின்பா என்று குறியுங்கள். பந்தயத்துக்கு வருவோம். மச்சானும் அதே 37 பேரை நம்பித்தான் கட்டியிருக்கிறார் என்றால், ஆளுக்குப் பாதி போட்டுக் கந்தரப்பத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். ஆறுமுன் எங்களுக்கும் நாலு அனுப்புங்கள்.