ஹாரிஸ் கவுண்டில வீடு, வெள்ளம், 911: நம்ம ஆளுங்க கேட்டதும் நான் சொன்னதும்

ஹூஸ்டனுக்கு வடமேற்குப் பக்கம் 2006-ல இருந்து இருக்கேன். 2017 ஹார்வி புயல்ல எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு, அதுக்கப்புறம் தான் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி இருக்கற இந்தக் கவுண்டினா என்ன, யாரு எதுக்குப் பொறுப்புன்னு ஒண்ணொண்ணா கத்துக்கிட்டேன், பேரிடர் உதவிக்கான செர்ட் ட்ரெய்னிங்கும் முடிச்சேன். புதுசா வந்த குடும்பங்க அடிக்கடி கேக்கற கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சத இங்க சொல்றேன்.

கேள்வி: அக்கா, எங்க அட்ரஸ்ல ஹூஸ்டன்னு தான் இருக்கு. ஆனா ரோட்ல பள்ளம்னு சிட்டி புகார் நம்பரான 311-க்கு போன் பண்ணா நீங்க சிட்டிலயே இல்லங்கறாங்க. அப்ப நாங்க எங்க தான் இருக்கோம்?

முதல்ல இதத் தெரிஞ்சுக்கிட்டீங்கன்னா பாதிப் பிரச்சனை தீந்துது தம்பி. அட்ரஸ்ல இருக்கற ஊர் பேரு தபாலுக்காக வச்சது, அத வச்சு நீங்க எந்த அரசாங்கத்துக்குக் கீழ இருக்கீங்கன்னு சொல்ல முடியாது. 2020 சென்சஸ்படி ஹாரிஸ் கவுண்டில கிட்டத்தட்ட 47 லட்சம் பேர் இருந்தாங்க, அதுல சுமாரா 20 லட்சம் பேர் எந்த சிட்டிக்குள்ளயும் இல்ல, இதத் தான் அன்இன்கார்ப்பரேட்டட்னு சொல்றாங்க. உங்களுக்கு மேயர் கிடையாது, சிட்டி போலீஸ் கிடையாது. ரோடு உங்க பிரிசிங்க்ட், அதாவது உங்க பகுதியோட கமிஷனர் பொறுப்பு, போலீஸ் வேலைக்கு ஷெரிஃபும் கான்ஸ்டபிளும், தண்ணியும் சாக்கடையும் மட், அதாவது முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட், ஆம்புலன்ஸும் ஃபயரும் பெரும்பாலும் இஎஸ்டி, அதாவது எமர்ஜென்சி சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட்னு தனியா ஒண்ணு. பிராப்பர்ட்டி டேக்ஸ் பில்ல எடுத்து வரி வரியா பாருங்க, உங்க வீட்டு மேல யார் யாருக்கு அதிகாரம் இருக்குன்னு அதுலயே இருக்கும். சிட்டி ஆஃப் ஹூஸ்டன்னு ஒரு வரி இல்லன்னா நீங்க ஹூஸ்டன் சிட்டில இல்லன்னு அர்த்தம்.

கவுண்டி ஜட்ஜ்னு ஒருத்தர் இருப்பாங்க, பேரப் பாத்து கேஸ் விசாரிக்கறவங்கன்னு நினைச்சுடாதீங்க. நம்ம ஊர் கலெக்டர் மாதிரின்னு வச்சுக்கலாம், ஆனா கலெக்டர அரசாங்கம் போடும், இவங்கள ஜனங்க ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க. இவங்களும் நாலு கமிஷனர்களும் சேந்தது தான் கமிஷனர்ஸ் கோர்ட். புயல் வந்தா அவசர கால நிர்வாகம் ஜட்ஜ் கையில.

கேள்வி: அடிக்ஸ் ரிசர்வாயர் பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கோம். 100 வருஷ ஃப்ளட் ஜோன்ல இல்ல, கவலப்படாதீங்கன்னு ஏஜென்ட் சொல்றாரு. வாங்கலாமா?

இதுக்கு மட்டும் நிதானமா பதில் சொல்றேன், ஏன்னா இதே வார்த்தைய என்கிட்டயும் ஒருத்தர் சொன்னாரு.

அடிக்ஸ், பார்க்கர்னு பக்கத்துல பக்கத்துல இருக்கற ரெண்டு ரிசர்வாயரும் 1940-கள்ல ராணுவத்தோட இன்ஜினியர் பிரிவான ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் கட்டினது. 1929, 1935 வெள்ளத்துல டவுன்டவுன் மூழ்கினதுக்கு அப்புறம் வந்த திட்டம். மத்த நாள்ல அங்க ஏரியே இருக்காது, உள்ள பார்க், சைக்கிள் பாதை, ஃபுட்பால் கிரவுண்டு எல்லாம் இருக்கும், புதுசா வர்றவங்களுக்கு அது ரிசர்வாயர்னே தெரியாது. பெரிய மழைன்னா கேட்ட மூடி டவுன்டவுன் வழியா ஓடற பஃபலோ பேயூங்கற ஆத்துல போற தண்ணிய இங்க தேக்குவாங்க. தேங்கற தண்ணி அணைக்கு மேற்கயும் வடக்கயும் பின்னாடி ஏறிக்கிட்டே போகும். அரசாங்கம் வாங்கி வச்ச நிலம் அடிக்ஸ்ல ஏறக்குறைய 103 அடி மட்டம் வரைக்கும் தான், ஆனா ஹார்வில தண்ணி ஏறுனது 109 அடி. நடுவுல இருக்கற அந்த ஆறு அடி முழுக்க வீடுங்க. பார்க்கர் பக்கமும் இதே கதை தான்.

எங்க வீட்டுல என்ன ஆச்சுன்னா, மழை பேஞ்ச நாலு நாளும் ஒண்ணும் ஆகல. தெருவுல தண்ணி ஏறும், இறங்கும், நாங்க தப்பிச்சோம்னு நினைச்சோம். மழை விட்டு வெயில் அடிச்ச அன்னிக்கு காலைல காபி போட்டுட்டு இருக்கேன், சுவரோட அடிப்பலகை, அதான் பேஸ்போர்டு, அது ஓரமா ஒரு ஈரக்கோடு தெரியுது. தொடச்சேன், திரும்ப வந்துது. ஒரு மணி நேரத்துல கார்ப்பெட் கால் வச்சா சதசதன்னு இருக்கு, மதியத்துக்குள்ள பேன்ட்ரில கீழ வச்சிருந்த இட்லி அரிசி டப்பா மிதக்குது. தண்ணி ரோட்டுப் பக்கம் இருந்து வரல, பின்பக்கம் இருந்து சத்தமே இல்லாம ஏறி வந்துது. போட்ல தான் வெளிய வந்தோம், எங்க மாமியார் ஒரு கையில மாத்திரைப் பையும் ஒரு கையில பாஸ்போர்ட் கவரும் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. சுவத்துல அந்த பழுப்புக் கோடு முட்டிக்கு மேல இருந்துது, சுவத்துப் பலகை, அதான் ஷீட்ராக், எல்லாத்தயும் நாலு அடிக்கு வெட்டி எடுத்தோம்.

அதனால ஏஜென்ட் சொல்றத வச்சு முடிவு பண்ணாதீங்க. 2019-ல டெக்ஸாஸ்ல ஒரு சட்டம் வந்திருக்கு, வீடு முன்னாடி வெள்ளத்துல பாதிச்சிருக்கா, ரிசர்வாயர் தண்ணி ஏறக்கூடிய இடத்துக்குள்ள இருக்கா, இதெல்லாம் விக்கறவங்க எழுத்துல குடுத்தே ஆகணும். அந்த டிஸ்க்ளோஷர் பேப்பர முழுசா படிங்க. வீட்டோட தரைமட்டம் கடல்மட்டத்துல இருந்து எத்தன அடின்னு கேளுங்க, அந்த நம்பர 103, 109 கூட வச்சுப் பாருங்க. அப்புறம் அந்தத் தெருவுல நாலு கதவத் தட்டி 2017-ல என்ன ஆச்சுன்னு கேளுங்க, ஜனங்க மறைக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, 100 வருஷ வெள்ளம்னா 100 வருஷத்துக்கு ஒரு தடவன்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு வருஷமும் 100-ல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். 30 வருஷ லோன் கட்டறதுக்குள்ள அது கிட்டத்தட்ட நாலுல ஒண்ணாகிடும். அந்த ஜோன் மேப்பும் மழைக் கணக்க வச்சுப் போட்டது தான், 2018-ல அந்தக் கணக்கயே மாத்தினாங்க, 100 வருஷ மழைங்கறது முன்னாடி ஒரு நாளைக்கு 13 இன்ச்னு இருந்தது சில இடங்கள்ல 18 இன்ச் வரைக்கும் போயிடுச்சு.

கேள்வி: நாங்க வாடகைக்கு தான் இருக்கோம். எங்களுக்கு ஃப்ளட் இன்சூரன்ஸ் வேணுமா?

வேணும். ஹவுஸ் ஓனர் போட்டிருக்கற பாலிசி கட்டடத்துக்கு, உங்க சோஃபா, லேப்டாப், துணிமணி அதுல வராது, சாதாரண ரென்ட்டர்ஸ் பாலிசிலயும் வெள்ளம் வராது. ஃபெடரல் ஃப்ளட் பாலிசில சாமானுக்கு மட்டும்னு தனியா எடுக்கலாம், 1 லட்சம் டாலர் வரைக்கும் உண்டு. ஆனா எடுத்த நாள்ல இருந்து 30 நாள் கழிச்சு தான் அமலுக்கு வரும், டிவில புயல் படம் வந்ததும் ஓடிப்போய் எடுத்தா பிரயோஜனம் இல்ல. ஜூன் 1-க்கு புயல் சீசன் ஆரம்பிக்குது, அதனால ஏப்ரல்லயே எடுத்துடுங்க. 2022-ல இருந்து, அந்த இடத்துல கடந்த 5 வருஷத்துல வெள்ளம் வந்துச்சான்னு ஓனர் லீஸ் போடறப்பவே உங்களுக்கு எழுதிக் குடுக்கணும், அதயும் கேட்டு வாங்குங்க.

கேள்வி: புயல் வருதுன்னா உடனே டல்லாஸுக்குக் கிளம்பிடலாமா? ஊர்ல இருந்து வந்த அம்மா அப்பா கூட இருக்காங்க, அப்பாவுக்கு இன்சுலின், ராத்திரில தூங்கறப்போ மூச்சுக்கு சிபேப் மெஷின்.

கேட்டி, சைப்ரஸ் மாதிரி உள்ள தள்ளி இருக்கறவங்க பதறிப் போய் கிளம்பாதீங்க. 2005 ரீட்டா புயலப்போ எல்லாரும் ஒரே நேரத்துல ரோட்டுக்கு வந்தாங்க, வெயில்ல ஒரு நாள் முழுக்க கார் நகரல. அந்த வெளியேத்தத்துல மட்டும் 100-க்கு மேல உயிர் போச்சு, அதுல 23 பேர் டல்லாஸ் கிட்ட பஸ் தீப்பிடிச்சுப் போன வயசானவங்க. கடல் தண்ணி ஏறி வர்ற இடத்துல இருக்கறவங்க தான் முதல்ல போகணும், அதுக்காக ஜிப் கோடு வச்சு ஜோன் பிரிச்சிருக்காங்க. நாம ரோட்ட அடைச்சா அவங்க மாட்டிக்குவாங்க.

ஆனா அப்பா விஷயம் வேற, உங்களுக்கு ஆபத்து காத்துல இல்ல, கரண்ட்ல இருக்கு. 2024 ஜூலை 8 பெரில் புயல் வெறும் கேட்டகரி 1 தான், 22 லட்சத்துக்கு மேல கனெக்‌ஷன் போச்சு, ஜூலை வெயில்ல ஒரு வாரம் ஏசி இல்லாம கிடந்த வீடுங்க எத்தனயோ. அதனால இன்னைக்கே உதவி நம்பரான 211-க்கு போன் பண்ணி ஸ்டியர் லிஸ்ட்ல அப்பா பேரப் பதிவு பண்ணுங்க, மருத்துவத் தேவை உள்ளவங்களுக்காக ஸ்டேட் வச்சிருக்கற பதிவேடு அது, வருஷா வருஷம் புதுப்பிக்கணும். பதிவு பண்ணிட்டா கண்டிப்பா ஆள் வந்துடும்னு உத்தரவாதம் கிடையாது, அதனால சிபேப்புக்கு ஒரு பேட்டரியும், இன்சுலினுக்கு கூல் பாக்ஸும், கரண்ட் இருக்கற சொந்தக்காரங்க வீடு ஒண்ணும் நீங்களே ஏற்பாடு பண்ணி வைங்க. கவுண்டி அனுப்பற அவசர எச்சரிக்கையான ரெடி ஹாரிஸ் அலர்ட்டுக்கும் பதிவு பண்ணிக்கோங்க.

கேள்வி: கரண்ட் போனா கராஜ்ல ஜெனரேட்டர் ஓட்டலாமா? கதவத் திறந்து தான் வைப்போம்.

கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. வீட்ட விட்டு குறைஞ்சது 20 அடி தள்ளி, புகை போற பக்கம் ஜன்னல் இல்லாம இருக்கணும். 2021 பிப்ரவரி பனிப்புயல்ல குளிர் தாங்காம கராஜ்ல கார ஸ்டார்ட் பண்ணி உக்காந்தவங்க, வீட்டுக்குள்ள கரி கிரில் மூட்டினவங்கன்னு நூத்துக்கணக்கானவங்க இந்தக் கவுண்டில மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, தலைவலி, குமட்டல், தூக்கம்னு தான் ஆரம்பிக்கும். வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலை வலிக்குதுன்னா மாத்திர தேடாதீங்க, எல்லாரும் வெளிய வந்துட்டு 911 கூப்பிடுங்க. பேட்டரில ஓடற டிடெக்டர் ஒண்ணு பெட்ரூம் வாசல்ல மாட்டுங்க, விலை ரொம்ப கம்மி தான்.

கேள்வி: அம்மா பகல்ல தனியா இருப்பாங்க, இங்கிலீஷ் வராது. அவசரம்னா 911 எப்படிப் பேசுவாங்க?

"தமிழ்"னு ஒரு வார்த்த சொல்லி லைன கட் பண்ணாம இருக்கச் சொல்லுங்க, போன்லயே மொழிபெயர்ப்பாளரச் சேக்கற வசதி இருக்கு. கொஞ்சம் நேரம் ஆகும், லைன்ல சத்தம் இல்லன்னா அம்மா பயந்து போன வச்சுடுவாங்க, அத முன்னாடியே சொல்லி வைங்க. மொழிபெயர்ப்பாளர் வர்றதுக்குள்ளயே அட்ரஸ் போயிடணும், அது தான் ரொம்ப முக்கியம். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல அட்ரஸ இங்கிலீஷ்ல பெருசாவும் அதுக்குக் கீழயே உச்சரிப்பத் தமிழ்லயும் எழுதி ஒட்டியிருக்கேன், கூடவே ஃபயர், ஆம்புலன்ஸ், போலீஸ்னு மூணு வார்த்த. மாமியார ரெண்டு மூணு தடவ சத்தமா படிக்க வச்சோம், முதல்ல கூச்சப்பட்டாங்க, இப்ப மனப்பாடம். பேச முடியாத நிலமைன்னா ஹாரிஸ், ஃபோர்ட் பெண்டு ரெண்டு கவுண்டிலயும் 911-க்கு டெக்ஸ்ட் அனுப்பலாம்.

கேள்வி: ஷெரிஃப் ஆபீஸ்ல இருந்து பேசறோம், ஜூரி டியூட்டிக்கு வரல, வாரன்ட் இருக்கு, உடனே பணம் கட்டுங்கன்னு போன். நான் ஹெச்1பி வேலை விசால இருக்கேன், கை நடுங்குது.

கட்டாதீங்க. ஏமாத்துக்காரங்க. வாரன்ட்ட போன்ல பணம் வாங்கிட்டு ரத்து பண்றதுன்னு ஒண்ணு இங்க கிடையவே கிடையாது, கிஃப்ட் கார்டு, கிரிப்டோன்னு கேட்டாலே போன வச்சுடுங்க. ஷெரிஃப் ஆபீஸோட நம்பரே திரையில வர்ற மாதிரி பண்ணுவாங்க, அத நம்பாம நீங்களா 713-221-6000 போட்டுக் கேளுங்க, அது அவசரமில்லாத விஷயத்துக்கான நம்பர்.

நிஜமான ஜூரி சம்மன் தபால்ல வரும், டிரைவிங் லைசென்ஸ் லிஸ்ட்ல இருந்து பேர் எடுக்கறதால விசாக்காரங்களுக்கும் வரும். கிழிச்சுப் போடாதீங்க, சிட்டிசன் இல்லங்கற இடத்துல டிக் பண்ணி திருப்பி அனுப்புங்க, அவ்வளவு தான். லைசென்ஸ் எடுக்கப் போறப்போ ஓட்டர் லிஸ்ட்ல சேரணுமான்னு கேட்டா மட்டும் தெளிவா நோ சொல்லுங்க, சிட்டிசன் ஆகறதுக்கு முன்னாடி தெரியாம யெஸ்னு போட்டாக்கூட பின்னாடி கிரீன் கார்டுக்கே வினையாகும்.

கேள்வி: டிசம்பர்ல அஞ்சு வாரம் ஊருக்குப் போறோம். வீடு பூட்டி இருக்கும், நகை இருக்கு.

நகைய பேங்க் லாக்கர்ல வச்சுட்டுப் போங்க. நம்ம வீடுகள்ல தங்கம் இருக்கும்னு திருடனுக்குத் தெரியும், பல ஹோம் பாலிசில நகைத் திருட்டுக்கு 1,500 டாலர் அளவுல தான் தருவாங்க, ஒரு சங்கிலிக்குக்கூடக் காணாது. உங்க ஏரியா கான்ஸ்டபிள் ஆபீஸ்ல வெக்கேஷன் வாட்ச்னு பதிவு பண்ணலாம், காசு கிடையாது, அங்க இருக்கற டெபுட்டி, அதாவது போலீஸ்காரர், ரோந்து வர்றப்போ வீட்டப் பாத்துட்டுப் போவாரு. தண்ணி மெயின் வால்வ மூடிட்டுப் போங்க, குளிர்ல பைப் வெடிச்சா திரும்பி வர்றப்போ வீடே குளமாயிருக்கும்.

கேள்வி: தீபாவளிக்கு வெடி வெடிக்கலாமா அக்கா?

ஹூஸ்டன் சிட்டிக்குள்ள கூடாது. அன்இன்கார்ப்பரேட்டட்ல கவுண்டி அனுமதிக்குது, ஆனா பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சர்ச்சுல இருந்து 600 அடிக்குள்ள கூடாது, காஞ்ச காலத்துல தடை போட்டிருக்காங்களான்னு பாக்கணும், ஹெச்ஓஏ, அதாவது உங்க குடியிருப்பு வீட்டுக்காரங்க சங்கத்தோட ரூல் தனி. பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணி இருக்கட்டும்.

கேள்வி: எங்க சப்டிவிஷன் பின்னாடி இருக்கற கால்வாய்ல மண்ணு மேடிட்டு புதர் மண்டிக் கிடக்கு. யார்கிட்ட சொல்றது? எங்க மாமா தினமும் அங்க நடக்கறவரு, அவருக்குத் தான் எல்லாம் தெரியும், ஆனா தமிழ் மட்டும் தான்.

பெரிய கால்வாய்னா ஃப்ளட் கண்ட்ரோல் டிஸ்ட்ரிக்ட், 1937-ல இருந்து இருக்கற அமைப்பு, 2018-ல 250 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு நம்ம கவுண்டி ஜனங்க ஓட்டு போட்டது இந்த வேலைகளுக்குத் தான். சின்ன ஓடை, குளம்னா மட், இல்லன்னா ஹெச்ஓஏ. எந்த இடம்னு போட்டோவோட எழுதி அனுப்புங்க, தேதிய குறிச்சு வைங்க, பதில் வரலன்னா மட் மீட்டிங்குக்குப் போங்க. அஞ்சு டைரக்டர் உக்காந்திருப்பாங்க, பொதுமக்கள் ஒருத்தரோ ரெண்டு பேரோ, பல நாள் யாருமே இருக்க மாட்டாங்க, நீங்க போனா காது குடுத்துக் கேப்பாங்க. அதுக்கு மேல வேணும்னா கமிஷனர்ஸ் கோர்ட்ல பேர் குடுத்துப் பேசலாம், சிட்டிசனா இருக்கணும்னு அவசியம் இல்ல.

மாமாவையே பேசச் சொல்லுங்க. இங்கிலீஷ் தெரியாதவங்க மொழிபெயர்ப்பாளர வச்சுப் பேசினா மத்தவங்களுக்குக் குடுக்கறத விட ரெண்டு மடங்கு நேரம் குடுக்கணும்னு டெக்ஸாஸ் சட்டமே இருக்கு. எந்த எடத்துல மண்ணு எவ்வளவு உயரம், போன மழைக்கு தண்ணி எங்க வரைக்கும் வந்துச்சுன்னு அவர் தமிழ்ல சொல்லட்டும், நீங்க பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க. போட்டோ பிரிண்ட் அஞ்சு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஜட்ஜுக்கு ஒண்ணு, கமிஷனர் நாலு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு.