மூன்று சோடிக்காக முழு வாழைத் தோட்டத்துக்கும் மருந்தா?

கேள்வி (கொழும்பு மாவட்டம், அவிசாவளையிலிருந்து): ஐயா, 12 வரிசை, வரிசைக்கு 10 என 120 கதலிக் குட்டி வைத்தேன். 14 மரத்தில் முடிக்கொத்து நோய். மூன்று இடத்தில் பக்கத்துப் பக்கத்து மரங்கள் சோடியாக நோயில் நிற்கின்றன. அழுக்கணவன் பூச்சி நோயை மரத்துக்கு மரம் பரப்புகிறது, தோட்டம் முழுக்க மருந்தடி என்கிறார் கடைக்காரர். எந்த மருந்து நல்லது?

பதில்: தம்பி, இது வைரசு. நோய் வந்த மரத்தை எந்த மருந்தும் சுகமாக்காது. அந்த 14 மரங்களின் குருத்திலும் மண்ணெண்ணெய் விட்டு அழுக்கணவனைக் கொன்றுவிட்டு, கிழங்கோடும் பக்கக் குட்டிகளோடும் தோண்டி எடுங்கள்.

ஆனால் கடைக்காரர் சொன்ன 'மரத்துக்கு மரம்' என்ற கதையை நான் விடமாட்டேன். 14 மரம் தற்செயலாகச் சிதறினாலும் சில சோடிகள் விழத்தான் செய்யும். எத்தனை என்று நீங்களே பாருங்கள். சதுர ரூள் கொப்பியில் தோட்டத்தைப் போலவே 120 கட்டம் கீறுங்கள். 1 முதல் 120 வரை துண்டு எழுதி, பிஸ்கட் டின்னில் குலுக்கி 14 எடுங்கள். அந்தக் கட்டங்களைக் கறுப்பாக்கி, பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் ஒட்டிய சோடிகளை எண்ணுங்கள். துண்டுகளைத் திரும்பப் போட்டு இதையே 19 தரம் செய்யுங்கள். அந்த 19 எண்ணிக்கையையும் உங்கள் தோட்டம் மிஞ்சினால், அது தற்செயலாக நடக்க 20இல் ஒன்றுக்கு மேல் வாய்ப்பில்லை. 99 தரம் செய்தால் 100இல் ஒன்று. மொண்டே கார்லோ சோதனை என்பது இதுதான். நோய் ஓரிடத்தில் கூடியிருக்கிறதா என்று தேட, புள்ளியியலாளர் மார்ட்டின் குல்டோர்ஃப் 1997இல் வெளியிட்ட முறையும் இப்படிக் குலுக்கித்தான் தீர்ப்புச் சொல்கிறது. பம்பைத் தோளில் போடுமுன் ஒவ்வொரு விவசாயியும் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

உங்கள் தோட்டத்தில் இரு மரம் இப்படி ஒட்டி நிற்கும் இடங்கள் மொத்தம் 218. தற்செயலாகவே சராசரியாக 2.8 சோடி விழும். உங்களிடம் இருப்பது 3!

அதாவது, மரத்துக்கு மரம் பரவியதற்கு இந்தச் சோடிகள் சாட்சியில்லை. வெளியிலிருந்து சிறகுள்ள அழுக்கணவன் வந்து ஆங்காங்கே இறங்கியிருக்கலாம். எனக்கு அதைவிடக் குட்டியில்தான் சந்தேகம். எங்கே வாங்கினீர்கள்? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. 1913இலேயே இலங்கையில் பதிவான இந்த நோய், தூர இடங்களுக்குப் போவது நோய்த்தாயின் குட்டி வழியாகத்தான். மருந்து விற்பவர் இதைக் கேட்கமாட்டார், கேட்டால் ஒரு போத்தலும் விலைப்படாது.

குட்டிகள் இரண்டு இடத்திலிருந்து வந்திருந்தால், கொப்பியில் இரண்டு நிறத்தில் குறித்து அனுப்புங்கள். 14உம் எந்த நிறத்தில் விழுகின்றன என்று பார்ப்போம். அதுவரை உங்கள் தோட்டத்துக் குட்டி ஒன்றையும் அயலாருக்குக் கொடுக்காதீர்கள்.