பெரியவர்கள் சிறுவர்களுக்கான மாயாஜால நாவல்களைப் படிக்கலாமா? அதில் நமக்கு என்ன கிடைக்கும்?

தாராளமாகப் படிக்கலாம். என்ன கிடைக்கும் என்பதைப் பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. அதனால் நடுவயதில் நான் படித்த ஒரு நாவலை வைத்தே சொல்கிறேன்.

ஜெர்மன் எழுத்தாளர் மிஹாயேல் எண்டே 1979-இல் வெளியிட்ட நாவல் அது. ஆங்கிலத்தில் 'தி நெவரெண்டிங் ஸ்டோரி'. 1984-இல் வந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் படம் நாவலின் முன்பாதியோடு நின்றுவிடுகிறது. பெரியவர்களை உலுக்குகிற பகுதி பின்பாதியில்தான் இருக்கிறது.

கதை இதுதான். பாஸ்டியன் என்ற சிறுவனுக்கு அம்மா இல்லை. அப்பா பல் செட் செய்கிறவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவர் வாய் திறப்பதே அபூர்வம். பள்ளியில் பாஸ்டியனை எல்லோரும் கேலி செய்கிறார்கள். அவன் ஒரு கடையிலிருந்து புத்தகம் ஒன்றைத் திருடிக்கொண்டு வந்து, பள்ளிக்கூட மச்சில் ஒளிந்து படிக்கிறான். புத்தகத்துக்குள் இருக்கும் மாய உலகத்தை 'ஒன்றுமில்லாமை' தின்றுகொண்டே வருகிறது. அது இருட்டுகூட இல்லை. அந்தப் பக்கம் பார்த்தால் நமக்கே பார்வை போய்விட்டது போலிருக்கும். அட்ரேயு என்ற வீரச் சிறுவன் அதற்கு வழி தேடிப் புறப்படுகிறான். பாதிக் கதையில் பாஸ்டியனும் அந்த உலகத்துக்குள் போய்விடுகிறான்.

அங்கே அவன் கழுத்தில் ஒரு பதக்கம். ஆசைப்பட்டதெல்லாம் நடக்கும். ஆனால் ஒவ்வோர் ஆசைக்கும் சொந்த உலகத்தின் நினைவு ஒன்று கழன்றுவிடும். அழகாக வேண்டும் என்கிறான், அழகாகிறான். தான் குண்டுப் பையனாக இருந்தது மறந்துபோகிறது. மறந்தோம் என்பதே அவனுக்குத் தெரியாது, படிக்கிற நமக்கு மட்டும் தெரியும். சின்ன வயதில் படித்தால் அடுத்து என்ன கேட்கப்போகிறான் என்ற ஆவலில் பக்கங்கள் ஓடிவிடும். இந்த வயதில் நான் அதையா பார்த்தேன்? இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்றுதான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை, வசதி, பெயர் என்று ஒவ்வொன்றாக வாங்கும்போது கையை விட்டு என்ன போனது என்று யோசிக்கிற வயதுதானே இது.

பழைய பேரரசர்களின் நகரம் என்று ஓர் இடம் வருகிறது. நினைவுகளை எல்லாம் செலவழித்துவிட்டு, ஊர் திரும்ப முடியாமல் போன மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு குரங்கின் மேற்பார்வையில் எழுத்துப் பகடைகளை உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு அர்த்தம் ஒன்றும் புரியாது. அந்த அத்தியாயத்துக்குப் பிறகு அன்று நான் மேலே படிக்கவில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது பாஸ்டியனின் அப்பாதான். ராத்திரி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மணிக்கணக்கில் பக்கம் திரும்பாது. எண்டே இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். சிறுவனாகப் படித்தால் அது பாஸ்டியனின் தனிமைக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். பெரியவனாகப் படிக்கும்போது அந்தத் திரும்பாத பக்கத்தின் முன்னால் நானும் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பகுதியில், எல்லாம் மறந்த பாஸ்டியன் ஒரு சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். மனிதர்கள் மறந்துபோன கனவுகள் அங்கே மெல்லிய தகடுகளில் படங்களாகக் கிடக்கின்றன. ஒரு படத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட மனிதர், கையில் பல் அச்சு, உடம்பு முழுக்கப் பனிக்கட்டிக்குள் உறைந்திருக்கிறது. அது யார் என்று பாஸ்டியனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் படத்தை விட முடியவில்லை. மகன் பக்கமும் அப்பா பக்கமும் ஒரே நேரத்தில் நின்று படிக்கிற இந்த அனுபவம் பத்து வயதில் யாருக்கும் கிடைக்காது.

இன்னொன்று, இந்த வகை நாவல்கள் சாவைச் சுற்றிவளைக்காமல் சொல்கின்றன. சோகச் சதுப்பு நிலத்தில் அட்ரேயுவின் குதிரை மூழ்குகிறது. பின்னால் பாஸ்டியனிடம் வரும் அந்தப் பதக்கம் அப்போது அட்ரேயுவிடம் இருக்கிறது. தன்னைக் காக்கும் அந்தப் பதக்கத்தை அதன் கழுத்தில் மாட்டிவிடவா என்று அட்ரேயு கேட்கிறான். அது உனக்குத் தரப்பட்டது, பிறருக்குக் கொடுக்க உனக்கு அனுமதி இல்லை என்கிறது குதிரை. அப்புறம் தன் முடிவைப் பார்க்காமல் போய்விடும்படி கேட்டுக்கொள்கிறது. ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் காட்சி. பெரியவர்களுக்கான நாவல்களில் இவ்வளவு நேரடியான துக்கத்தை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பின்பாதியில் பாஸ்டியனின் ஊர்வலமும் போரும் இழுவைதான். வேகமாகத் தாண்டலாம்.

அட்டையில் இருக்கும் வயதை நம்ப வேண்டாம். ஆங்கில எழுத்தாளர் டோல்கியனின் மாயாஜால நாவல் 'தி ஹாபிட்' 1937-இல் அச்சேறும் முன், பதிப்பாளரின் மகன் அதைப் படித்து, 5 முதல் 9 வயதுவரை உள்ளவர்களுக்குப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான். அப்போது அவனுக்கே 10 வயது!

முதல் பக்கத்திலிருந்தே உட்பொருள் தேட வேண்டாம், கதையோடு போங்கள். எண்டே நாவலை வாங்குவதாக இருந்தால் இரண்டு வண்ண மையில் அச்சான பதிப்பாகப் பாருங்கள். நிஜ உலகம் ஒரு நிறத்திலும் மாய உலகம் இன்னொரு நிறத்திலும் இருக்கும், படிக்கும் சுகமே வேறு. பெரிய புத்தகமாகத் தோன்றினால் அவருடைய 'மோமோ' (1973) இருக்கிறது. மனிதர்களின் நேரத்தைத் திருடும் சாம்பல் நிற ஆட்களின் கதை. காலையிலிருந்து ராத்திரிவரை நேரமே இல்லை என்று சொல்கிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.