இஞ்சி சோடாவில் மண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெயில் ஏறியதும், வீட்டில் புளிக்கவைக்கிற இஞ்சி சோடா, கொம்புச்சா (புளிக்கவைத்த இனிப்புத் தேநீர்) பற்றிய கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் மண்டி, அதாவது அடியில் தங்குகிற கசடு பற்றியவைதான்.

பாட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிறது. கெட்டுவிட்டதா? (காரைக்குடி)

இல்லை. ஈஸ்ட்டும் இஞ்சி மாவும்தான் அது. பாட்டிலுக்குள்ளேயே கேஸ் ஏறுகிற எதிலும் மண்டி இருக்கத்தான் செய்யும். ஃபிரிட்ஜில் ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, ஆட்டாமல் ஊற்றி, அடியில் ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றாமல் விட்டுவிடுங்கள்.

கொம்புச்சாவில் ஏதோ மிதக்கிறது, குடிக்கலாமா? (தேவகோட்டை)

என்ன நிறம், மேலேயா நடுவிலா, அடைத்து எத்தனை நாள், ஒன்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? பழுப்பு நூலாகத் தொங்கினால் ஈஸ்ட், வழுவழுப்பான வெள்ளை ஜவ்வு என்றால் புது ஸ்கோபி (கொம்புச்சாவைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட், பாக்டீரியா கூட்டு), இரண்டையும் வடிகட்டிவிட்டுக் குடிக்கலாம். மேலே பஞ்சு மாதிரி பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் பூஞ்சை, மொத்தத்தையும் கொட்டுங்கள். மேலாக எடுத்துப் போட்டால் போதாதா என்று அடுத்த கடிதம் வேண்டாம்.

கருப்பட்டி போட்டுச் செய்தேன். நறநறவென்று கடிபடுகிறது. (புதுவயல்)

பதநீர்க் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு, கூடவே கொஞ்சம் மண். கருப்பட்டியைக் காய்ச்சி, தெளியவிட்டு, மேலாக இறுத்து, வேட்டித் துணியில் வடிகட்டிய பிறகு சேருங்கள்.

அப்பச்சியின் சாந்தி கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) 40 பாட்டில் அடைத்தோம். இரண்டே நாளில் விரல் தடிமனுக்கு மண்டி, திறந்தால் பாதி சீறிக் கொட்டிவிடுகிறது. (கானாடுகாத்தான்)

இந்தக் கடிதம் வருஷா வருஷம் வருகிறது, ஊர் மட்டும்தான் மாறும். விசேஷத் தேதியைப் பார்த்து அடைக்கிறீர்கள், புளிக்கவைத்த ஜாடியைப் பார்ப்பதே இல்லை. ஜாடியில் குமிழி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடைத்து, போதாக்குறைக்கு மேலும் சர்க்கரை போட்டால், ஈஸ்ட் பாட்டிலுக்குள் பெருகி அடியில் குவியாமல் என்ன செய்யும்? திறந்ததும் கேஸ் அந்தத் துகள்களைப் பிடித்துக்கொண்டு பொங்குகிறது, மண்டியும் சேர்ந்து மேலே வருகிறது. 35 டிகிரி வெயிலில் எல்லாமே இன்னும் வேகம். எந்த பாட்டில் என்றும் எழுதவில்லை, பழைய சர்பத் பாட்டிலாக இருந்தால் வெடிக்கும், கேஸ் தாங்குகிற கண்ணாடி இல்லை அது. இப்போதைக்கு எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள், நன்றாகக் குளிர்ந்த பிறகு துண்டைச் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெல்லத் திறங்கள். அடுத்த முறை ஆரம்பத்திலேயே சர்க்கரையைக் குறைத்துப் போடுங்கள். குமிழி அடங்கி மண்டி உட்காரும்வரை பொறுத்திருந்து, குழாய் வைத்து மேல் தெளிவை மட்டும் எடுங்கள். கேஸுக்கு லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை போதும், அதையும் கரைத்து மொத்தமாகக் கலந்துதான் ஊற்ற வேண்டும், பாட்டிலுக்குப் பாட்டில் ஸ்பூனால் போடாதீர்கள். இனிப்பு போதவில்லையா, டம்ளரில் பாகு விட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் கூடவே அடைத்து வையுங்கள். அமுக்கிப் பார்த்து அது கல்லாக இறுகியிருந்தால் எல்லாமே ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? (கோட்டையூர்)

புளித்தால் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும், நாளும் சர்க்கரையும் கூடினால் அதுவும் கூடும். அவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் போடுங்கள்.

வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய செதில் மினுங்குகிறது. (பள்ளத்தூர்)

பாட்டில் வாயைப் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் கண்ணாடித் துகளாக இருக்கலாம், வடிகட்டிக் காப்பாற்ற நினைக்காமல் கொட்டுங்கள். வாய் சரியாக இருந்தால் முன்பு காய்ந்துபோன மண்டிதான் பெயர்ந்து வருகிறது. காலியான அன்றைக்கே பாட்டிலை அலசி, பிரஷ் விட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். மண்டி காய்ந்துவிட்டால் வெந்நீருக்கும் லேசில் அசையாது.