எந்தத் தீவனம், எந்தக் கோழிக்கு?

அன்புள்ள சார்,

மன்னார்குடி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கொல்லையில் ஆறு கோழிகள் முட்டையிடுகின்றன. நான்கு கிராமப்பிரியா, இரண்டு சிறுவிடை நாட்டுக்கோழி. ஒரு சேவலும், மூன்று மாதமான ஐந்து விடைக் குஞ்சுகளும் உண்டு. எல்லாவற்றையும் பகலில் அவிழ்த்துவிடுகிறோம். காலையில் நொய், மாலையில் மீந்த சோறு, தவிடு. இரண்டு மாதமாக முட்டை ஓடு காகிதம் மாதிரி இருக்கிறது, அவ்வப்போது ஓடில்லாத தோல்முட்டையும் விழுகிறது. ஒரு கோழி தன் முட்டையையே கொத்தித் தின்கிறது. தீவனக் கடையில் பிராய்லர் தீவனம் போடுங்கள், முட்டை பெரிதாக வரும் என்றார்கள். மாமியார் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கச் சொல்கிறார். முட்டைக்கோழிக்கென்று விற்கும் லேயர் தீவனம் போட்டால் நாட்டு முட்டையின் ருசி போய்விடும் என்கிறார் என் கணவர். எதைத்தான் போடுவது?

ச.

அன்புள்ள ச.,

தீவன மூட்டையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் கொல்லையைப் பார்ப்போம். அங்கே ஒரே தட்டில் நான்கு விதமான வயிறுகள் சாப்பிடுகின்றன. கிராமப்பிரியா முட்டைக்கென்றே ஹைதராபாத்தின் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட ரகம், நன்றாகக் கவனித்தால் வருடத்துக்கு 150 முட்டைக்கு மேல் இடும். சிறுவிடை அறுபது எழுபது இட்டால் பெரிய விஷயம், இடையில் அடையும் உட்கார்ந்துவிடும். குஞ்சுகள் இன்னும் எலும்பு வளர்த்துக்கொண்டிருக்கின்றன. சேவலுக்கு முட்டைக் கவலையே இல்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு ஒரே மூட்டையைப் பதிலாகச் சொல்ல முடியாது.

முதலில் ஓடு. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழி தின்னும் கால்சியத்தில் ஏறக்குறைய பாதிதான் ஓட்டுக்குப் போய்ச் சேரும். அதனால் முட்டையிடும் கோழிக்கு நாளைக்குக் கிட்டத்தட்ட 4 கிராம் வேண்டும். லேயர் தீவனத்தில் கால்சியம் மூன்றரை முதல் நான்கு சதவீதம் வைப்பது இதற்காகத்தான். நூறு, நூற்றுப்பத்து கிராம் தின்றால் கணக்கு சரியாகிவிடும். நொய்யிலும் சோற்றிலும் கால்சியம் இல்லை என்றே சொல்லிவிடலாம். புரதமும் ஏழெட்டு சதவீதம்தான், தேவையோ பதினாறு பதினேழு. தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். இத்தனை நாள் உங்கள் கோழிகள் ஓட்டுக்கான சுண்ணாம்பைத் தங்கள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. அது தீரும் நிலை வந்ததன் அடையாளம்தான் தோல்முட்டை. கொத்தித் தின்கிற கோழியும் பெரும்பாலும் இதன் விளைவுதான். மெல்லிய ஓடு தானாக உடைகிறது, ஒருமுறை ருசி கண்டால் விடாது. முட்டையை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. சுண்ணாம்புச் சத்துதான் வேண்டும், ஆனால் அந்தச் சுண்ணாம்பு அல்ல. நீர்த்த சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும். தெளிந்த ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் கால்சியம்கூட இருக்காது, கோழி குடிப்பது கால் லிட்டருக்கும் குறைவு. கலக்கலாகக் கொடுத்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். வேண்டியது கிளிஞ்சல். தீவனக் கடைகளில் உடைத்த கிளிஞ்சல் என்றே கேட்டால் கொடுப்பார்கள், விலையும் அதிகமில்லை. தூளாக வாங்காதீர்கள், பாதி அரிசி அளவுக்குத் துண்டாக இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரமாகும், அதில் பெரும்பகுதி கோழி அடைந்து உறங்கும் இரவு. தூள் சீக்கிரம் குடலைக் கடந்துவிடும். துண்டோ அரவைப்பையில் தங்கி இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொடுக்கும். எனவே பிற்பகலில் தனித் தட்டில் வையுங்கள். தீவனத்தில் கலக்க வேண்டாம். எந்தக் கோழிக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்கே தெரியும், முட்டையிடாதது பெரும்பாலும் தொடாது. வீட்டு முட்டை ஓட்டையும் காயவைத்து நொறுக்கிப் போடலாம், ஓடு என்று தெரியாத அளவுக்கு நொறுக்கினால் சரி.

லேயர் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால் என்ன? உங்கள் ஐந்து குஞ்சுகளுக்காகத்தான் வேண்டாம் என்கிறேன். ஓடு போடாத உடம்புக்கு ஒரு சதவீத கால்சியம் போதும். மூன்றரை சதவீதத்தை வாரக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெடும், யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் வெள்ளையாகப் படியும். குஞ்சு வெளியே நன்றாகத் தெரிந்து, திடீரென்று ஒருநாள் செத்துக் கிடக்கும். நோய் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்வார்கள்.

பிராய்லர் தீவனத்தைக் கடைக்காரர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை, கடையில் எது வேகமாக நகர்கிறதோ அதுதான் எல்லா நோய்க்கும் மருந்து. அது நாற்பது நாளில் கறியாக வேண்டிய பறவைக்கானது. புரதமும் எரிசக்தியும் அதிகம், கால்சியம் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான். உங்கள் கோழி கொழுக்கும், ஓடு இப்போதைப் போலவே இருக்கும். கொழுத்த கோழி முட்டையையும் குறைக்கும். இன்னொன்று, பல பிராய்லர் தீவனங்களில் ரத்தக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து கலந்திருக்கும். பிள்ளைகள் சாப்பிடும் முட்டைக்குள் அது எதற்கு?

ஆக, என் யோசனை இது. குஞ்சுகள் முட்டைக்கு வரும்வரை எல்லாவற்றுக்கும் வளர் தீவனம், அதாவது கடையில் குரோயர் என்று கேட்பது, பக்கத்திலேயே கிளிஞ்சல் தட்டு. அதில் புரதம் பதினைந்து பதினாறு இருக்கும், மீதியைக் கொல்லையின் பூச்சி புழுவில் தேடிக்கொள்ளும். குஞ்சுகளும் முட்டையிட ஆரம்பித்தபின் லேயர் தீவனத்துக்கு மாறலாம், ஒரு வாரம் இரண்டையும் கலந்து கொடுத்து மாற்றுங்கள். சேவல் ஒன்றுதானே, அதற்காகத் தனியாக மெனக்கெட வேண்டாம். அதற்குள் முட்டையிடும் கோழிகளுக்கு மட்டும் லேயர் கொடுக்க ஆசையென்றால், காலையில் அவிழ்த்துவிடும் முன் அரைமணி நேரம் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

நொய்யை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வரிசையை மாற்றுங்கள். காலையில் பசியோடு வரும்போது தீவனம், நொய் மாலையில் ஒரு கைப்பிடி, கூட்டில் அடைய அழைப்பதற்கு. பாதிக்குப் பாதி நொய் கலந்தால் லேயர் மூட்டையின் பதினேழு சதவீதப் புரதம் பன்னிரண்டாக இறங்கிவிடும். காசு கொடுத்து வாங்கியதை நாமே நீர்க்கச் செய்வானேன்? தண்ணீரில் வளர்க்கும் அசோலா என்ற பாசி போன்ற செடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: நல்லதுதான், ஆனால் பச்சையாக அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கீரைக்குச் சமம், தீவனத்துக்கு அல்ல.

ருசி போய்விடும் என்று பயப்படும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், நாட்டு முட்டையில் நாம் தேடும் கரு நிறம் மஞ்சள் மக்காச்சோளத்திலும் பச்சையிலும் இருந்து வருவது. கோழிகள் கொல்லையில் மேயும்வரை அதற்குக் குறை வராது. முருங்கைக்கீரை ஒரு கொத்து கட்டித் தொங்கவிட்டால் இன்னும் அடர்த்தியாகும். கருவாட்டுக் கழிவைத் தொடர்ந்து போட்டால்தான் முட்டையில் வாடை வரும், அதை வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பும் அதிகம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது தேதி. மேய்கிற கோழிக்குத் தலைக்கு அறுபது எழுபது கிராம் வைத்தாலும் உங்கள் பன்னிரண்டுக்கு நாளைக்கு முக்கால் கிலோ. 50 கிலோ மூட்டை இரண்டு மாதம் கிடக்கும். டெல்டாவின் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அது பூஞ்சைக்கு விருந்து, மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வரும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஈரலைத் தாக்கும். பக்கத்து வீட்டோடு பாதி மூட்டை பங்கிடுங்கள். பலகை மேல் வையுங்கள், சுவரில் சாய்க்க வேண்டாம். கட்டி பிடித்திருந்தாலோ புழுங்கல் வாடை அடித்தாலோ குப்பைக்குழிக்குத்தான், வெயிலில் காயவைத்தால் நஞ்சு போகாது. தூள் தீவனத்தில் கோழி சோளத்துணுக்கைப் பொறுக்கிவிட்டு அடித்தூளை விட்டுவிடும், வைட்டமினெல்லாம் அந்தத் தூளில்தான் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறி, ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும் வையுங்கள்.

கோடையில் நல்ல தீவனம் தின்கிற கோழியும் மெல்லிய ஓடு இடும். வாய் திறந்து இளைக்கும்போது ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் ரத்தத்தில் குறைந்துவிடும், தீனியும் எடுக்காது. விடியலிலும் சாயங்காலத்திலும் தீவனம், நிழலில் குளிர்ந்த நீர். கிளிஞ்சல் வைத்து இரண்டு மூன்று வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் தோல்முட்டை விழுந்தால், அல்லது தும்மலோ பச்சைக் கழிச்சலோ சேர்ந்திருந்தால், அது தீவனப் பிரச்சினை இல்லை. கால்நடை மருந்தகத்துக்கு ஒரு கோழியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.